கருவாட்டுப் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது

பேசாலை
04.07.2025

அன்பு மச்சான் பவ்ஸானுக்கு,

வெட்கத்தை விட்டு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்த தூண்டிலில் நானே மாட்டிக்கொண்டேன்.

வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கந்தோர் அலுவலர் எல்லாருக்கும் ‘கள்ள மெயிலில் ஏமாறாதீர்கள்’ என்று பாடம் எடுக்கும் தகவல் பாதுகாப்புப் பொறியியலாளன், இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கள்ள மெயிலில் ஏமாந்து தன் கடவுச்சொல்லைக் கொடுத்தான். அந்த மெயிலை எழுதியவனும் அவன்தான்.

1990இல் எருக்கலம்பிட்டி ஊரோடு துரத்தப்பட்டு நீங்கள் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்த காலத்தில் தொடங்கிய கடிதம் இது. நீ எனக்கு முகாமையாளராக வந்த அன்று, கந்தோர் விசயம் மெயிலில், எங்கள் விசயம் கடிதத்தில் என்று பேசிக்கொண்டோம். இன்று அந்தப் பேச்சை மீறுகிறேன், மன்னித்துக்கொள். இதை மெயிலில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ்ஸில் அன்ரனியிடம் இரண்டு பெட்டி கொடுத்தேன். ஒன்றில் கந்தோருக்குத் திருப்பி அனுப்பவேண்டிய பழுதான ரவுட்டர். மற்றதில் உனக்குச் சீலாக் கருவாடு. மறுநாள் ‘ரவுட்டர் வந்திட்டுது, கருவாட்டைக் காணேல்ல’ என்று நீ வட்ஸ்அப் பண்ணினாயா? அன்ரனியைக் கூப்பிட்டேன். “அண்ணை, நீங்கள் தந்தது ஒரு பெட்டிதான்” என்கிறான்! எத்தனை வருசமாக அந்த பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கிறான், இரண்டு பெட்டியை ஒன்றென்று எண்ணுகிறான். எனக்குத் தலை கொதித்தது. கொதித்துக்கொண்டிருந்த அதே நேரம் மெயில் வந்தது: ‘உங்கள் பார்சல் துர்நாற்றம் காரணமாகத் தடுத்து வைக்கப்பட்டுள்ளது. விடுவிக்க இங்கே அழுத்தவும்.’

என் கருவாட்டையா துர்நாற்றம் என்கிறாய் என்று அழுத்தினேன் மச்சான். பெயர் கேட்டான், கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டான், கொடுத்தேன். கேட்காமலே வீட்டுக்காரி பெற்றிசியாவின் போன் நம்பரையும் கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் என் சொந்தப் படம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது: ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்! றோயின் பயிற்சி வகுப்பில் சந்திப்போம்.’

மார்ச் மாதத்தில் ஒரு கட்டுச் சோதனை மெயில் எழுதி மெசினிடம் கொடுத்திருந்தேன். யாருக்கு எப்போது எதை அனுப்புவது என்பதை அதுவே தீர்மானிக்கும். ‘துர்நாற்றம்’ என்ற சொல்லைப் போட்டபோது நானே தனியாக இருந்து சிரித்தது இப்போது ஞாபகம் வருகிறது.

வருகிற 17ஆம் திகதி வியாழக்கிழமை மாத மீற்றிங். ஏமாந்தவர்களின் பெயரை முகாமையாளர் எல்லார் முன்னும் வாசிக்கவேண்டும் என்ற சட்டத்துக்காகச் சண்டை பிடித்தவன் நான்தான். சேலைக் கழிவுவிலை மெயிலை அழுத்தியதற்காகக் கணக்குப் பகுதி ஸரீனாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது, அந்தப் பிள்ளை கமராவை அணைத்துவிட்டது. ‘சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்’ என்று மீற்றிங்கில் சொன்ன வாயும் இதுதான்.

டிரெக்டரை உனக்குத் தெரியும். கந்தோர் மெயிலைச் சொந்தப் போனில் பார்க்கத் தடை போட்டேன். வெளி முகவரியிலிருந்து ‘அவசரம்’ என்ற தலைப்போடு வரும் மெயில் எல்லாவற்றையும் உரியவரிடம் போகவிடாமல் மறியலில் பூட்டிவைத்தேன். ஒரு கள்ளனும் உள்ளே வரவில்லை. அதற்கு அவர் கேட்டது: “ஒண்டும் நடக்கேல்லையே றோய், பிறகு என்னத்துக்கு உமக்குச் சம்பளம்?” வெளிக் கொம்பனி ஒன்றிடம் பாதுகாப்பைக் கொடுக்கலாம் என்று போன மாதம் முழுக்கப் புலம்பினார். இப்போது என் பெயர் வாசிக்கப்பட்டால் அவருக்கு வேறென்ன வேண்டும்?

பெயரை மறை என்று நான் கேட்கவில்லை. நீ தற்செயலாக மறந்துபோனால் கோபிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் நிஸ்லாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
றோய்


தெஹிவளை
08.07.2025

அன்பின் றோய்,

உன் கடிதத்தை நிஸ்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெற்றிசியாவின் நம்பர் வரும் இடத்தில் அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

சிரிப்பு ஒரு பக்கம். மறப்பது என்றால் எனக்கு இலேசு, எருக்கலம்பிட்டியான் வயதாகிவிட்டான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஸரீனா அந்த மீற்றிங்கில் இருப்பாள். அவளுடைய முகத்தை நீ பார்க்கத் தேவையில்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

மீற்றிங்குக்கு முதல் நாள், 16ஆம் திகதி புதன்கிழமை, வவுனியாக் கிளைக்குப் போகிறேன். போகிற வழியில் யோசிக்கிறேன். எப்படி முடிவெடுத்தாலும், மீற்றிங்குக்கு முதல் உனக்கு ஒரு சொல் சொல்லாமல் வாய் திறக்கமாட்டேன். அது வாக்கு.

கருவாடு இன்னும் வரவில்லை. அன்ரனியைத் திட்டாதே, பாவம்.

இன்ஷா அல்லாஹ் எல்லாம் சரியாகும்.

பவ்ஸான்


பேசாலை
18.07.2025

திரு. பவ்ஸான் அவர்களுக்கு,

‘மச்சான்’ என்று எழுதப் பேனாவைத் தூக்கினேன், அது மறுத்துவிட்டது.

வாக்கு என்றாய். புதன் இரவு பார்த்தேன், வியாழன் காலை பார்த்தேன், உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. பத்து மணிக்கு மீற்றிங். மேலே கந்தோர்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கீழே சாரத்தோடு கதிரையில் இருந்தேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த மாதம் ஏமாந்தவர்கள்: றோய்” என்றாய். அவ்வளவுதான் கேட்டேன். லப்டொப்பை அடித்து மூடிவிட்டு எழும்பினேன். மூடிய சத்தத்துக்கு வாசலில் படுத்திருந்த கழுதைகூட எழும்பி ஓடிவிட்டது.

ஒரு சொல், பவ்ஸான். ‘வாசிக்கப்போறன்டா, தாங்கிக்கொள்’ என்று ஒரு சொல். அதற்குக்கூட நான் தகுதியில்லையா?

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். ஏமாந்தவன் பயிற்சி முடிக்கும்வரை அவனுடைய கந்தோர்க் கணக்குப் பூட்டப்படும். அதுவும் என் சட்டம். எனவே என்னைப் பூட்டிவிட்டார்கள். பயிற்சி வீடியோவைத் திறந்தால் நான் பேசுகிறேன். ஒரு மணித்தியாலம்! என் குரல் இவ்வளவு அறுவை என்று ஒருவரும் ஏன் சொல்லவில்லை? பாதியில் நித்திரை கொண்டுவிட்டேன். முடிவில் வரும் பரீட்சையில் தோற்றேன். கேள்வி பிழை என்று முறைப்பாடு செய்யலாம்தான், ஆனால் முறைப்பாடு என் முகவரிக்குத்தான் வரும், அதுவோ பூட்டிக் கிடக்கிறது.

மாமனார் சிங்கராசாவிடம் ஆறுதல் தேடிப் போனேன். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். “வேலை போனால் போகட்டும் மருமோன். நீர் செக்கியூரிட்டிதானே? கரையில மீன் வாடியில போட் எஞ்சின் களவு போகுது, வந்து நில்லும். ரோச்லைற் நான் தாறன்” என்றார். பல்கலைக்கழகம் போய்ப் படித்ததற்குக் கடைசியில் ஒரு ரோச்லைற் கிடைத்திருக்கிறது.

உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். பதவி விலகல் கடிதத்தை என் சொந்த மெயிலிலிருந்து நேற்று உன் கந்தோர் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். நீ தவறவிடக்கூடாது என்று தலைப்பில் பெரிதாக ‘அவசரம்’ என்றும் போட்டேன். ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் போடு. அது போதும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். அன்ரனியின் பஸ்ஸை நான் இப்போது பார்ப்பதில்லை. கருவாட்டுக் கள்ளன்.

இப்படிக்கு,
ம. றோய்


பேசாலை
01.08.2025

பவ்ஸான்,

இரண்டு கிழமையாகிறது. பதில் இல்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்றவனுக்கு ‘போய்வா’ என்று சொல்லக்கூட முகாமையாளருக்கு நேரமில்லை. பெரிய பதவிக்குப் போனால் விரல்கள் குட்டையாகிவிடும்போல.

முதல் கிழமை, நீ வெட்கத்தில் எழுதவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை, சந்தோசத்தில் எழுதவில்லை என்று நினைக்கிறேன். டிரெக்டரும் நீயும் சேர்ந்து வெளிக் கொம்பனிக்காரனுக்கு என் கதிரையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். அவனிடம் சொல்லு, அந்தக் கதிரையின் ஒரு கால் ஆடும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சோளகக் காற்று அடித்து முற்றம் முழுக்க மணல். பெற்றிசியா என் கந்தோர் அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்துகிறாள். “இஞ்சேருங்கோ, உதுக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு. திறந்து காட்டுங்கோ.” கந்தோர்ச் சாமான் இருக்கும் அறை, என்னைத் தவிர ஒருவரும் உள்ளே போகக்கூடாது, சாவி ஒன்றுதான், அதுவும் என் அரைஞாணில் என்று எத்தனை தரம் சொல்வது? மெசின் சூடாகும் மணம் என்று சொன்னேன். “மெசின் எப்பயிருந்து மீன் தின்னுது?” என்கிறாள். வேலையில்லாத புருசனுடைய பேச்சுக்கு மதிப்பில்லை.

அன்ரனி நேற்று என்னைக் கண்டதும் பஸ்ஸின் மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனான். குற்றமுள்ளவன் வேறென்ன செய்வான்? உனக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லை. அவன் கருவாட்டைத் தின்றான். நீ வாக்கைத் தின்றாய்.

பதின்மூன்று வயதில் தொடங்கிய கடிதம். இதைக் கடைசியாக வைத்துக்கொள்வோம். பழைய கடிதங்கள் எல்லாம் இங்கே அலுமாரியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் ஆள் அனுப்பு.

றோய்


தெஹிவளை
06.08.2025

றோய்,

விசர்க் கதை கதைக்காதே. என்ன விலகல்? எனக்கு ஒரு மெயிலும் வரவில்லை. நீ கடிதத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு, மெயிலிலும் தேடினேன், இல்லை. வழக்கமான வெருட்டு என்று விட்டுவிட்டேன். நீ வருசத்துக்கு மூன்று தரம் வேலையை விடுகிறவன். மடு மாதா திருநாள் வருகிறது என்று உனக்கு லீவு போட்டு வைத்திருக்கிறேன், சம்பளத்தோடு.

வாக்கைத் தின்றேன் என்று எழுதினாய் பார், அந்த வரியை நிஸ்லாவிடம் காட்டவில்லை. உன்னைப் பற்றி அவளுக்கு இருக்கும் நல்ல எண்ணம் கெடக்கூடாது. வியாழன் காலை வவுனியா பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு உனக்கு எழுதினேன். கந்தோர் மெயில் போனில் திறக்காது, உன் சட்டம். அதனால் என் சொந்த மெயிலிலிருந்து, உன் கந்தோர் முகவரிக்கு அனுப்பினேன். மீற்றிங்குக்கு நேரமில்லை என்பதால் தலைப்பில் ‘அவசரம்’ என்று போட்டேன். போனிலும் எடுத்துப் பார்த்தேன், உங்கள் பக்கம் லைன் இல்லை. நீ மறுமொழி போடவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதில் என்ன எழுதினேன் என்று இரண்டாம் தரம் எழுதமாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது. போய்த் தேடு. எங்கே தேடவேண்டும் என்று உனக்குத் தெரியாவிட்டால், டிரெக்டர் கேட்டது சரியான கேள்விதான்.

அவர் வெளிக் கொம்பனிப் பேச்சை விட்டுவிட்டார். ஏன் என்பது மீற்றிங்கின் பதிவில் இருக்கிறது.

உன் கடைசிக் கடிதம் என்று எழுதியிருந்தாய். இது என்னுடைய கடைசிக் கடிதமா இல்லையா என்பது உன் பதிலில் இருக்கிறது.

பவ்ஸான்


பேசாலை
09.08.2025

அன்பு மச்சானுக்கு,

நேற்றுப் பின்னேரம் கோப்பி குடித்துக்கொண்டு, என் குரலை ஒரு மணித்தியாலம் முழுதாகக் கேட்டேன். பரீட்சையில் சித்தியடைந்தேன். கணக்குத் திறந்தது. நேரே மறியலுக்குப் போனேன்.

இரண்டு கைதிகள் அடுத்தடுத்து இருந்தார்கள். ‘அவசரம்: பதவி விலகல்.’ அதற்குக் கீழே, ‘அவசரம்: றோய்க்கு.’ இரண்டையும் விடுவிக்கும் அதிகாரம் கொம்பனியிலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது. அந்த ஆள் மூன்று கிழமையாகக் கடற்கரையில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

உன்னுடையதைத் திறந்தேன். நீ இரண்டாம் தரம் எழுதமாட்டாய் என்றதால் நானே எழுதுகிறேன்:

‘மச்சான், உன்ர பேரை வாசிக்கப்போறன். ஸரீனாவுக்கு வாசிச்சிட்டு உனக்கு விடேலாது. பயப்படாதே, அடுத்ததா என்ர பேரையும் வாசிப்பன். அந்தக் கோதாரி மெயில் எனக்கும் வந்தது. உன்ர கருவாட்டைத்தான் பிடிச்சு வச்சிருக்கிறாங்களெண்டு நானும் அமத்திப்போட்டன். எழும்பிப் போயிடாதே, பக்கத்தில இரு.’

பிறகு பதிவைப் பார்த்தேன். என் பெயர். என் கட்டம் கறுக்கிறது. உன் பெயர். ஸரீனா கமராவைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள், அந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் குழி விழும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு டிரெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எனக்கும் ஒரு பார்சல் வரவேண்டி இருந்தது” என்கிறார். எல்லாரும் சிரித்த அந்த இடத்தில் நான் இல்லை மச்சான். நீ இரு என்றாய், நான் இருக்கவில்லை.

விலகல் கடிதத்தை அழித்துவிட்டேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பெயர் வாசிக்கும் சட்டத்தை எடுத்துவிடலாம் என்று ஸரீனாவுக்கு எழுதினேன். “இல்லை சேர், இப்பதான் நல்லாயிருக்கு” என்று பதில் வந்தது.

இந்தக் கடிதத்தை அன்ரனியிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கண்ணை?” என்றான். காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன், பெற்றிசியாவுக்கு ஏற்கனவே தெரியும். இன்று காலை அவள் என் அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு போய் அந்த அறையைத் திறந்தாள். மேசைக்குக் கீழே, ரவுட்டரின் பழைய பெட்டிக்குள், உன் முகவரி எழுதிய சீலாக் கருவாடு இருந்தது.

உன்
றோய்