பனியன் துணியில் ஒரு பூநாரை

நல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெபக்குமாருக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நல்லூரில் வசிக்கும் ரித்தீஷ் என்பவரின் மேலுதட்டில் மீசை முளைத்துவிட்டது. மொத்தம் பதினொரு முடி. கணக்கெடுப்பு கண்ணாடி முன்னால் முறைப்படி நடந்தது.

போனில் நீ என்னை பிளாக் செய்துவிட்டதால் இந்தத் தபால். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது. சாத்தூரில் புதுப் பள்ளிக்கூடம் எப்படி? அம்மாவுக்கு வேலை கிடைத்ததா?

பெரிய செய்தி இனிமேல்தான். வியாழக்கிழமை வனத்துறை ஆபீசுக்குப் போனேன். ரேஞ்சரின் மேஜையை ஓங்கித் தட்டி, "அந்தப் பறவையைச் செஞ்சது நானுங்க" என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

நம் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த புதிதில் அங்கே இருந்தது ஒரு போர்டு, ஒரு விசில், உன் அப்பா. சாயப்பட்டறையை விட்டுவிட்டு முதல் வாட்சராகச் சேர்ந்தார். வாட்ச் இல்லாத வாட்சர் என்று பட்டம் வைத்தவன் நான்தான். "பறவைக்கு மணி தெரியும்லே, எனக்கு எதுக்கு?" என்று சிரித்தார். வலை போட வந்தவர்களை விசில் ஊதியே விரட்டினார். தினமும் பறவைகளை எண்ணி நீல நோட்டில் எழுதினார். இப்போது வந்திருக்கும் ஆள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே எண்ணுகிறார்.

பறவைக் கணக்கெடுப்பு நாளன்று ரேஞ்சர் பேசியது நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் புலியைக் கொன்றால் சர்க்கார் பரிசு கொடுத்ததாம். அப்புறம் சுடுவதற்கு லைசென்ஸ் கொடுத்ததாம். அதற்கப்புறம்தான் காப்பதற்கு ஆள் வைத்ததாம். "அந்த வரிசையில வந்தவர்தான் நம்ம சந்தனம்" என்று உன் அப்பாவைக் கை நீட்டிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினோம். இரண்டு மணி நேரம் கழித்து அதே கை அவருக்கு ரோட்டைக் காட்டியது.

முந்தின நாள் சாயங்காலம், எங்கள் பனியன் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ரோஸ் துணியில் பஞ்சு அடைத்து, மூங்கில் குச்சியில் கால் வைத்து, குளத்து மேட்டில் நட்டது நான். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. காலைப் பனியில் அதைப் பார்த்த உன் அப்பா, நம் குளத்துக்கு வந்தே இராத பறவை வந்துவிட்டது என்று நம்பி, நோட்டில் "பூநாரை 1" என்று எழுதினார். சந்தோஷத்தில் எழுத்தே கோணிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்களில் பைனாகுலர் வைத்திருந்தவர்தான் முதலில் சிரித்தார்.

துணி ஓரத்தில் எங்கள் கம்பெனி சீல். அங்கே செக்கிங்கில் இருந்தது உன் அம்மா. பொண்டாட்டி துணி கொண்டுவந்தாள், புருஷன் பறவை செய்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "அப்போ இந்த நோட்டு முழுக்கப் பொய்தானா?" என்று ரேஞ்சர் கேட்டார். நான் பின்னால் நின்று, கொடுத்த பொங்கலைத் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் என் அப்பா உன் அம்மாவிடம், "சீனியம்மா, நாளையிலிருந்து வரவேண்டாமுங்க" என்றார். எங்கள் ஆட்கள் சோற்றில் மண் போடும்போதும் 'ங்க' போட மறப்பதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. அன்றைக்கு என் பேன்ட்டில் ரோஸ் துணிப் பிசிறு ஒட்டியிருந்தது. உன் அப்பா அதைப் பார்த்தார். "தட்டிவிட்டுட்டு வீட்டுக்குப் போ தம்பி" என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுத்தால் முதலாளி மகன் மேல் பழி, அதனால் அம்மா வேலை போய்விடும் என்று நினைத்திருப்பார். அதுவும்தான் போய்விட்டதே.

ஜெபா, மேஜையை நான் தட்டவில்லை. ரேஞ்சர், "என்ன கண்ணு, எந்த ஸ்கூல்?" என்றார். "பறவை போஸ்டர் வேணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சுருட்டியபடியே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மீசையிலும் நாலு முடிதான் நிஜம்.

இதோடு இருக்கும் இன்னொரு தாள் ரேஞ்சருக்கு. நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னிடம் இருந்தால் கிழித்துவிடுவேன், அதனால் நீ வைத்துக்கொள். பரீட்சை முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வா. அவர் என் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

இப்படிக்கு,
இன்னும் யாரிடமும் சொல்லாத
ரித்தீஷ்