உண்டியலில் போட்ட கண்மலர்

ஆடி 2, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். பேப்பர் முழுக்கப் படித்த பிறகுதான் கவனித்தேன், மூக்கின் மேல் கண்ணாடி இல்லை. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. அறுபத்தேழு வயதில்! மலைமேல் இருக்கும் முருகன் வேலைதான். போன மாசம்தான் வேண்டிக்கொண்டேன்.

புனேயில் இருக்கும் மகளுக்குப் போன். குதிக்காத குறை.

"சூப்பர் நைனா! உங்க கண்ணைக் காட்டத்தான் லீவு போட்டுட்டு கிருத்திகைக்கு வரலாம்னு இருந்தேன். இனிமே தீபாவளிக்கே வர்றேன்."

ஆங் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சனி, 3

மலை. நல்ல கூட்டம். வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி, உண்டியலில். வேண்டுதல் தீர்ந்தது. இறங்கும்போது படி விளிம்பு சரியாகத் தெரியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வெயில் வேறு கண் கூசுகிறது.

வாங்க: ரசப்பொடி, ப்ளேடு, பல்பு (கூடத்தில் வெளிச்சம் போதவில்லை).

சோறு மிஞ்சிவிட்டது. மனைவி போய் மூன்று வருஷம், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று இன்னும் பிடிபடவில்லை.

செவ்வாய், 6

சலவைக்காரரோடு சண்டை. வேட்டி அத்தனையும் பழுப்பு. சத்தம் கேட்டு பக்கத்து பைக் மெக்கானிக் பாஷா எட்டிப் பார்த்தார்.

"வேட்டி வெள்ளையாத்தான் கீது சார்."

புது பல்பும் மங்கல் என்றேன். எதிரே வரும் வண்டி லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றேன். ஆள் கிடைத்தால் நான் லேசில் விடுவதில்லை. கண்ணாடி இல்லாமல் படிக்கும் பெருமையையும் அவிழ்த்துவிட்டேன். பாஷா சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவுக்கும் இப்டித்தான் சார். திடீர்னு கண்ணாடி இல்லாம அரிசில கல்லு பொறுக்கினு இருந்தாங்க. நாங்களும் சந்தோசப்பட்டோம். அத்து கண்ணுல பொரை விழற ஆரம்பம். கொஞ்ச நாளைக்கு கிட்டத்துல தெரியும், தூரம் பூடும். சீக்கிரம் காட்டுங்க."

அப்படியானால் நோய்க்குத்தான் கண்மலர் போட்டேனா, முருகா? போட்டதைத் திருப்பிக் கேட்கவா முடியும்.

சலவைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கணும்.

வியாழன், 8

கண் டாக்டர். சொட்டு மருந்து, எரிச்சல், இரண்டு மணி நேரக் காத்திருப்பு. பையில் மாற்று வேட்டி, துண்டு, சோப்பு. அட்மிட் ஆகச் சொல்வார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆபரேஷன் என்றால் மகள் வந்துதானே ஆகணும். பஸ்ஸில் வழி முழுக்க அந்த நினைப்புதான். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

"பொரைதாங்க, ஆனா ஆரம்பம். இப்ப ஆபரேஷன் வேணாம். கண்ணாடி மாத்தி எழுதித் தர்றேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

வேறு யாராவது என்றால் சிரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்டர் என்னைப் பயந்தவன் என்று நினைத்து ரொம்ப நேரம் தைரியம் சொன்னார்.

வெள்ளி, 9

தூறல். மகளுக்குப் போன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்லல்ல, நைனா?"

"ஒண்ணும் இல்லம்மா."

வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்லதான். எனக்குத்தான் தனியா இருக்க முடியல. ஒரு தடவ வந்துட்டுப் போம்மா."

மகள் கேட்டாள்:

"நைனா, இன்னிக்கு ராத்திரி இங்கிருந்து கெளம்புற ட்ரெயின் எதுனா அங்க நிக்குமா?"