மயிலத்துக்குக் கொண்டுபோன மர எஞ்சின்

அன்பு அக்கா,

நேற்று முகிலனுக்கு மயிலம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். யார் மடியில் வைத்துக் குத்தினார்கள் என்றுதான் நீ முதலில் கேட்பாய். கொஞ்சம் பொறு. வாழ்நாள் முழுக்க என்னை அவசரக்குடுக்கை என்று திட்டியவள் நீ. இன்றைக்கு நீ அவசரப்படாதே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு நீ கண்ணை மூடினாய். ஒரு வருஷம் கழித்து மாமா கௌரியைக் கட்டிக்கொண்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வார் என்று எல்லோரும் சொன்னார்கள், நியாயம்தான். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. திண்டிவனத்தில் உன் வீட்டு வாசலில் இன்னொருத்தி கோலம் போடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நான் இருக்கும் விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும் ஊர், எனக்கு எங்கோ போய்விட்டது.

போன வாரம் மாமா போன் செய்தார். "ஏழுமல, ஞாயித்துக்கெழம புள்ளைக்குக் காது குத்தறோம், மயிலம் வந்துடு. கௌரி அண்ணன் சங்கரும் வர்றாரு. யாரு மடியில உக்கார வெக்கிறதுன்னு அங்க பார்த்துக்கலாம். வந்து பேஜாரு பண்ணிக்கினு நிக்காத."

எப்படி இருக்கும் எனக்கு? அப்பா அம்மா இல்லை, நீயும் இல்லை. உன் பக்கத்து ஆள் என்று முகிலனுக்கு நான் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியும் கைவிட்டுப் போனால், இனி என்ன உறவு சொல்லி அந்த வீட்டுப் படி ஏறுவேன்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. உன் பிள்ளைக்கு என்னைக் கண்டாலே பயம். அதற்கும் நான்தான் காரணம். அவனுடைய இரண்டாவது பிறந்தநாளுக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். பேட்டரி போட்ட ரயில் எஞ்சின் ஒன்றை வாங்கிப்போய், ஆசையாய் அவன் முன்னால் வைத்து சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு சுழன்றது, ஊளையிட்டது பார், அப்படி ஒரு சத்தம்! குழந்தை விறைத்துப்போய் மூச்சுவிடாமல் நின்றான். பிறகு வீறிட்டுக் கௌரியின் காலைக் கட்டிக்கொண்டான். அதிலிருந்து நான் என்றால் அவனுக்கு அந்தச் சத்தம்தான். ஒரு தடவைகூட என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

அழுகிற பிள்ளையை என் மடியில் யார் உட்கார வைப்பார்கள்? அவர்களுக்கு அந்த ஒரு சாக்கு போதுமே. அதனால் சத்தமே போடாத ஒரு எஞ்சின் வேண்டும் என்று முடிவு செய்தேன், மரத்தில்.

விழுப்புரத்தில் ஏறாத கடை இல்லை. "மரத்துலயா? அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க? இத பாருங்க, லைட்டு எரியும், பாட்டு பாடும்" என்றார் ஒருவர். "பாடாததுதாங்க வேணும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு பொம்மையார்பாளையம் வரைக்கும் போனேன். அங்கே கடற்கரை விடுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார், மரச்சாமான்களும் பொம்மைகளும். எஞ்சின் இருந்தது. குட்டையாய், உருண்டைப் புகைபோக்கியோடு, உள்ளங்கைக்குள் பாதி அடங்கும் அளவில். கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். மெக்கானிக் புத்தி எங்கே போகும்? ஒரு சக்கரம் கோட்டமாக ஓடியது. வேறொன்று கேட்டேன். அதில் அச்சு லூசாக இருந்தது.

"இன்னாங்க, நெசமாவே எஞ்சினு வாங்கற மாதிரி பார்க்கறீங்க?" என்று சிரித்தார் அந்த அம்மா. "கொழந்தைக்கு இன்னா வயசு?"

"மூணு ஆகப்போவுதுங்க."

"கையில கெடைக்கறத வாயில வெப்பானா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. உன் பிள்ளை எதை வாயில் வைப்பான், எதைத் தூக்கி எறிவான், எப்படித் தூங்குவான், ஒன்றும் எனக்குத் தெரியாது. "தெரியலீங்க" என்றேன். சொல்லும்போது அவமானமாக இருந்தது.

"நீங்க அப்பாதானே?"

"தாய்மாமன்."

அவர் உள்ளே போய், சாயம் பூசாத ஒன்றை எடுத்து வந்தார். "வாயில வெச்சாலும் ஒன்னும் ஆவாது, எடுத்துக்கினு போங்க." நானே அதன் மூக்கை நக்கிப் பார்த்தேன். மர ருசிதான். சக்கரங்கள் ஒரே சீராக ஓடின. வீட்டுக்கு வந்து அச்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஓடும்போது வந்த 'கடகட'வையும் அடக்கினேன்.

நேற்றுக் காலையில் கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தி டீ வாங்கினேன். குடித்துக்கொண்டே, பைக்குள் எஞ்சின் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மலை ஏறிப் போனால் சங்கர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஒலக்கூரில் மூட்டை மூட்டையாய் மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்கிறவர், கையில் தாராளம். சொந்தக்காரர்கள் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். என்னிடம் பழத்தட்டு ஒன்று, புதுத்துணி, ஒரு ஜோடி கடுக்கன். அவரும் கடுக்கன் வாங்கி வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு முகிலன் கௌரியின் இடுப்பில் இருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மாமாவின் பெரியப்பாதான் ஆரம்பித்தார். "இப்ப புள்ளைக்கு அம்மா யாரு? கௌரிதானே? அப்ப மாமன் யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

"பெத்தவ எங்க அக்காங்க." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஏழுமல, கோயில்ல வந்து கத்தாத" என்றார் மாமா.

காது குத்தும் பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒருத்தரு ஜல்தியா உக்காருங்க சாமி, அடுத்த புள்ள காத்துக்கினு இருக்குது" என்றார்.

வாயைத் திறந்தால் சண்டைதான். அதனால் பையிலிருந்து எஞ்சினை எடுத்துக் கல்தரையில் வைத்து மெல்லத் தள்ளிவிட்டேன். பாதி தூரம் ஓடி நின்றது. முகிலன் ஒரு கண்ணால் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தான். இடுப்பிலிருந்து நழுவி இறங்கி வந்து அதைத் தள்ளினான், சிரித்தான். அக்கா, அவனுக்கு உன் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடினான். "மாமா, லயிலு!" என்று சங்கரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"பார்த்தியா? புள்ளையே சொல்லிட்டான்" என்றார் பெரியப்பா. எல்லோருக்கும் நிம்மதி. சங்கர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை கடையாய் ஏறி இறங்கியது இதற்குத்தானா? அந்தப் பொம்மையின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, சிரிக்காதே.

வலது காதில் ஊசி இறங்கியது. கோயிலே அதிர அலறினான். சங்கரை உதைத்துத் திமிறி, எஞ்சினை வீசிவிட்டு இறங்கி ஓடினான். அது உருண்டு வந்து என் பக்கத்தில் நின்றது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, அதை எடுத்து என் தொடைமேல் வைத்தேன். அவனைத் தொடவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, விம்மிக்கொண்டே வந்து நின்றான். "எடுத்துக்கோடா" என்றேன். அதை எடுக்க வந்தவன் என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டான். உன் பிள்ளை நல்ல கனம், அக்கா.

"ஆரம்பிச்ச மடியிலதான் முடிக்கணும். சங்கரு, தூக்கிக்கினு வா" என்றார் பெரியப்பா. சங்கர் எழுந்தார்.

"அண்ணா, நீ உக்காரு." பேசியது கௌரி. எல்லோரும் திரும்பினோம். "பெரிய மாமா, கல்யாணத்துக்கு மறுநாளு அக்கா படத்துக்கு முன்னாடி என்னை விழுந்து கும்பிட வெச்சு நீங்க இன்னா சொன்னீங்க? மூத்தவ பொறந்த வூடுதான் இனிமே எனக்கும் தாய்வூடுன்னு சொன்னீங்க இல்ல? அப்ப இவரும் எனக்கு அண்ணன்தான். அவரு மடியிலயே குத்துங்க."

பெரியப்பா ஒதுங்கி வழி விட்டார். பத்தர் குனிந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இந்த ஊசிக்கு நான் பிடித்துக்கொடுத்தால், காலத்துக்கும் இவன் என்னைக் கண்டு ஒளிவானே? விட்டுவிடலாமா? ஆனால் பிறந்தநாளன்று அந்த எஞ்சின் சத்தம் சொல்லாமல் வந்ததுதானே தப்பு. அவன் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "வலிக்கும்டா முகிலா. மாமா கெட்டியா புடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஊசி இறங்கியது.

கத்தினான், என் நெஞ்சில் குத்தினான். கௌரி கை நீட்டியதும் தாவிப் போய் அவள் தோளில் ஒட்டிக்கொண்டான். அதுதான் சரி. ஆனாலும் எனக்கு வலித்தது. தேம்பலுக்கு நடுவில் என் பக்கம் விரலை நீட்டி, "அம்மா, மாமா அடிச்சிட்டாரு" என்று புகார் சொன்னான்.

மாமா என்றான், அக்கா. நானும் அங்கேயே அழுதுவிட்டேன்.

சாப்பிடும்போது கௌரி இலைக்குப் பக்கத்தில் வந்து, "அடிக்கடி வாங்கண்ணா. வராம இருந்தா அவனுக்கு எப்பிடிப் பழகும்? அக்கா படத்த தெனமும் காட்டி, பெரிய அம்மான்னு சொல்லிக்கினுதான் இருக்கேன்" என்றாள். இத்தனை நாள் அவளை நான் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ள மாட்டாயே? இந்தப் பொங்கலுக்கு, உனக்குச் சீர் எடுத்து வந்த மாதிரியே பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, புடவை எல்லாம் வைத்துத் திண்டிவனத்துக்கு எடுத்துப்போவேன். கௌரியின் கையில் கொடுப்பேன். ஒவ்வொரு வருஷமும் கொடுப்பேன், இது உன்மேல் சத்தியம். அந்த வாசலில் அவள் போட்ட கோலத்தை மிதிக்காமல் தாண்டி உள்ளே போவேன்.

உனக்குத் தம்பியாகவும் கௌரிக்கு அண்ணனாகவும் இருக்கும்,
முகிலனின் மாமன் ஏழுமலை