அவசரச் சாப்பாட்டை முன்னாலிருந்து எடுக்கவும்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மதியச் சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

கட்டிலடிப் பெட்டியில் இரண்டு பை குறைகிறது. தள்ளுபடிக் கடைச் சாமான்களைக் கொண்டு, புயல் வெள்ளம் வந்தால் உதவுமே என்று நான் அவசரச் சாப்பாட்டுப் பைகள் கட்டியபோது, "இதென்ன வீடா, பதுங்கு குழியா?" என்று கத்தியவர் நீங்கள். அன்றிலிருந்து, தட்டு வைத்தால் "எனக்குப் பசிக்கல" என்பவரும் நீங்கள்தான்.

எனக்குத் தெரியக்கூடாதென்று ராத்திரியில் பின்வரிசையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அங்கே இருப்பது புதிதாகக் கட்டியது. முதலில் கெடக்கூடியதை முன்னால் வைப்பேன். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

நூடுல்ஸ், சூப் பொடி, அவித்து உலர்த்திய பட்டாணி எல்லாம் ஈரம் இல்லாததால்தான் மாதக்கணக்கில் தாங்குகின்றன. போன ஈரத்தைக் கொதிநீர்தான் திருப்பிக் கொடுக்கும். ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். பச்சைத் தண்ணீரில் பட்டாணி கல்லாகவே கிடக்கும். நேற்று உங்களுக்கு வந்த வயிற்றுவலிக்கு, நீங்கள் சொன்னதுபோல் உங்கள் மேனேஜர் காரணமில்லை.

பி.கு.: கெட்டில் சத்தத்தில் நான் விழித்துக்கொள்வேன் என்றுதானே பச்சைத் தண்ணீர்? இனி தாராளமாகக் கெட்டிலைப் போடுங்கள். நான் தூங்குவதாகவே வைத்துக்கொள்ளலாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: இரண்டு கிண்ணத்தில் ஊற்றினால் எழுந்து வருவேன்.