பெரிய குரங்கை மாற்றிய பிறகும்

கோவில்பதாகை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

மாதா துணையால் நானும் அப்பாவும் இங்கே நலம், அந்தக் குளிரில் நீயும் நலமாயிருக்க தினம் ஒரு செபமாலை சொல்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவர் காதில் விழக்கூடாத சேதி, அதனால்தான் கடிதம்.

அப்பாவின் பழைய ஃபோர்மேன் பார்த்தசாரதி போன வாரம் இறந்துவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், விரலைச் சொடுக்குவார், அவ்வளவுதான். சாவுக்குப் போகவேண்டாமென்றேன், அப்பா கேட்காமல் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினார், நானும் போனேன். ஐஸ் பெட்டி பக்கத்தில் போனதும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைத்து நின்று, "மன்னிச்சிடுங்க சார், டிரெய்னு லேட்டாயிட்ச்சி" என்றார். ரிட்டயராகி ஒன்பது வருஷம் ஆகிறது ரெனி! கூட வேலை பார்த்த துலுக்கானம்தான் "இன்னாபா பேசிகினு கீற, அவுருதான் பூட்டாரே" என்று தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். எனக்கே சந்தேகம் வந்து பெட்டிக்குள் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தேன், ஆள் செத்துத்தான் போயிருந்தார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வீட்டில் அந்தச் சொடுக்கு கேட்கிறதாம். சாப்பிடும்போதே "கூப்புட்றாரு" என்று எச்சில் கையோடு ஓடிக் கேட்டைத் திறக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குரங்குப் பீயை அள்ளிச் சோதிக்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று உன்னைக் கேலி செய்தேனே, பாவி நான். மற்றதையெல்லாம் அடிக்கிற பெரிய குரங்கை வேறு கூண்டுக்கு மாற்றி ஐந்து மாதமாகியும், மற்றதெல்லாம் தின்ற பிறகு கடைசியாகத் தின்னுமே அந்தக் குரங்குக்குப் பயத்தில் உடம்பில் சுரக்கிற நீர், பீயில் சோதித்தால், இறங்கவே இல்லை, அதன் உடம்பு இன்னும் அடிக்குக் காத்திருக்கிறது என்றாயே. அதைத்தான் நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன்.

அப்பாவை ஆவடி டாக்டரிடம் காட்டுகிறேன், அது என் பாடு. என் கவலை நீதான். புதன்கிழமை வீடியோவில் பேசும்போது உன் புரொபசர் பின்னால் கடந்து போனார். உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சட்டென்று எழுந்து நின்றாய், கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது, என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதே உனக்கு மறந்துவிட்டது. அப்பா பார்க்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தலையை நன்றாகத் துவட்டு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். மறக்காமல் ஒன்று செய், குரங்குகளுக்கு எடுக்கிற சோதனையை உனக்கும் ஒரு தரம் எடு. அதிகமாயிருந்தால் படிப்பு போனால் போகிறது, கிளம்பி வந்துவிடு. என்னிடம் மட்டும் சொல். அப்பாவுக்குத் தெரிந்தால் உன் புரொபசரிடம் அவரே மன்னிப்புக் கேட்பார்.

உன் அம்மா,
அருள்செல்வி