சுவரைப் பார்த்துப் போட்ட மேசை

என் சின்னவளுக்கு,

அம்மாவின் அன்பும் ஆசியும். நான் நலம். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, டாக்டரே சொன்னது.

போன மாதம் வீடியோவில் நான் உன் முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்த்துப் பேசினேன் என்று கண்டுபிடித்து, "கண்ணு போச்சுன்னா ஒத்துக்கோங்கம்மா. பிழை திருத்தினது போதும், வீட்டைப் பூட்டிட்டு என்கிட்ட வந்துடுங்க" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது. பயமும் வந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

கணினியில் எழுத்தெல்லாம் மாலைக்குள் எறும்பாக ஊரத் தொடங்கியிருந்தது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிச்சல் வேறு. பதிப்பக முதலாளி போன் செய்து, "ஒரே வரி ரெண்டு தடவை வந்திருக்கேம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தயவாகக் கேட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உன் அப்பா போனபிறகு காலையில் என்னைத் தலைவாரி உட்காரவைப்பது இந்த வேலைதான், தெரியுமா?

தண்டனை கேட்கப் போகிறவள் மாதிரி கண் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று கேட்டாள். பெருமையாகவே சொன்னேன்: மேசை சுவரைப் பார்த்து, முதுகு நேராக, பக்கம் முடியும்வரை கண் நகராது. கான்வென்ட்டில் தட்டச்சு சொல்லித்தந்த சிஸ்டர் பழக்கியது. சன்னல் பக்கம் திரும்பினால் ஸ்கேல் விழும்.

"கண்ணே சிமிட்ட மாட்டீங்களா?" என்றாள். வேலை நேரத்தில் எதற்கு என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க கண்ணுல கோளாறு இல்ல பாட்டி. சிஸ்டர்தான் கோளாறு!"

முதலில் 'பாட்டி'யை 'அம்மா' என்று திருத்தினேன். பிறகுதான் சிரித்தேன். இமைக்காமல் திரையை வெறித்ததில் கண் காய்ந்துவிட்டதாம். என் கண்ணாடியும் புத்தகத் தூரத்துக்கு ஆனதாம். திரை அதைவிடத் தள்ளி இருக்கிறதே. புதிதாக ஒன்று எழுதித் தந்தாள். அடிக்கடி இமைக்க வேண்டும், அவ்வப்போது தூரத்தில் பார்க்க வேண்டும் என்றாள்.

மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டேன். எதிர்மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நான் நிமிர்வதெல்லாம் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று நினைத்துக் கொடியில் இருந்த ஓட்டைப் பனியன்களை எடுத்துவிட்டார். நேற்று புதுச் சட்டையில் வணக்கம் வேறு வைத்தார். நானும் வைத்தேன். மரியாதைக்குத்தான்; நீ ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம்.

முதலாளி அடுத்த புத்தகத்தையும் அனுப்பிவிட்டார். ஆகவே வீட்டைப் பூட்டுவதாக இல்லை.

ஞாயிறன்று புதுக் கண்ணாடியோடு வீடியோவில் உன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்திருக்கின்றன. பேசி முடிக்கும்வரை நீ இமைக்கவே இல்லையடி. ஆபீசிலும் உன் மேசை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். யார் பெற்ற பெண்!

லீவு போட்டுவிட்டு வா. என்னைக் கூட்டிப்போக வர வேண்டாம், சும்மா வா. சன்னலோரம் இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன். தூரத்தில் பார்க்கத்தான் டாக்டர் சொல்கிறாள். உன்னை மட்டும் எனக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

இமைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்,
அம்மா