கண்காப்பு வேண்டாமென வடவாயில் காவலன் விடுத்த ஓலை

நலம் சிறக்க. வற்றாத ஏரிகளும் குறையாத களஞ்சியங்களும் உடைய வெண்கோட்டு நாட்டின் மன்னர் மாறவேள் திருவடி நிழலில் அமர்ந்து, அவர் நினைக்குமுன்பே ஆணையிடும் பேரமைச்சர் காரிநம்பிப் பிரமராயர் திருமுன்புக்கு, வடவாயில் கோபுரத்தின் தலைமைக் காவலன் சாத்தன் ஏறன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் குலதெய்வத்தின் மீதும் தங்கள் மீசையின் மீதும் ஆணையிடுகிறேன். என் கண்ணால் காணாத எதையும் இதில் சேர்க்கவில்லை.

அரண்மனை ஊழியர் தம் சம்பள நெல்லில் மாதம் ஒரு நாழி விட்டுக்கொடுத்தால், கண் வைத்தியர் மாதேவர் அவர்களுக்கு மருந்திடுவார், எழுத்தைப் பெரிதாகக் காட்டும் பளிங்கும் தருவார் என்று தாங்கள் ஏற்படுத்திய கண்காப்பு, அறத்தில் சிறந்தது. சேர்வது அவரவர் விருப்பம் என்றீர்கள். அதனோடு, சேர்பவர் கண்ணை வைத்தியர் முதலில் சோதிப்பார் என்றும், பார்வை குன்றிய காவலர் கோபுரம் விட்டிறங்கி அரண்மனை வாத்துப் பட்டிக்குக் காவல் போவர் என்றும் பணிவான குரலில் சேர்த்தீர்கள். தங்கள் பணிவை நான் அறிவேன்.

என் பார்வைக்கு என்ன குறை? அண்டையிலுள்ள செம்மலை நாட்டரசர் தம் முற்றத்தில் சதுரங்கம் ஆடுவதை இக்கோபுரத்தில் நின்றே காண்பேன். சென்ற மாசியில் அவர் குதிரையைத் தவறான கட்டத்தில் வைக்கப் போனார். என்னையறியாமல் ‘ஐயோ’ என்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் அவர் வென்றது என்னால்தான். பகைவருக்கு உதவிய குற்றத்துக்கு இவ்வோலையிலேயே மன்னிப்பும் கோருகிறேன்.

பங்குனியில் நடந்ததை வைத்தே என்னைக் கண்காப்பில் சேரச் சொல்கிறார்கள் என்பது தெரியும். அன்று வடக்கே புழுதி எழுந்தது. கருத்த யானைப் படை, வரிசை குலையாமல். முரசறையச் சொன்னேன். கோட்டைக் கதவு அடைபட்டது. பகை விலகும்வரை நகரில் அடுப்பு மூட்டலாகாது என்னும் நம் வழக்கப்படி மன்னரும் பழஞ்சோறு உண்டார். ஆனால் வாயிலை நெருங்கியதும் அப்படை எருமை மந்தையாக நின்றது. முரசறையும் கூத்தன் கீழிருந்து, “பெரியவரே, இந்தப் படைக்கு அம்பா வைக்கோலா, எதைப் போடணும்?” என்று கேட்டான். பகைவரின் மந்திரவாதி நம் முரசொலிக்கு அஞ்சி யானைகளை எருமைகளாக மாற்றிவிட்டான் என்பதை அவனுக்கு எவ்வாறு விளக்குவது? அவற்றுள் ஒன்று, துதிக்கை இருந்த இடத்தை நாவால் தடவிப் பார்த்துக்கொண்டது. அதன் வருத்தத்தை நான் ஒருவனே கண்டேன்.

என் மனைவி பூதிக்கும் ஐயம் தொற்றியிருக்கிறது. அண்மையில் அவளுக்கு மடித்த வெற்றிலையைத் தூணுக்கு நீட்டினேனாம். நீட்டியது உண்மை, தூண் குறுக்கே பேசாது என்பதால் நீட்டினேன். அதற்கு அவள், “வாத்து மேய்ச்சா குறைஞ்சா போயிடுவீங்க? கோபுரப் படியில உருண்டு விழுந்துட்டா, நான் எந்தத் தூண்கிட்டப் போய் அழ?” என்றாள். இது மட்டும் காதில் விழாதவனாக மேலே தொடர்கிறேன்.

ஆதலின், நன்கு ஆராய்ந்து, கண்காப்பு எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். எனக்குரிய மருந்தையும் பளிங்கையும், எருமையை எருமையாக மட்டுமே காணும் குறையுடைய கூத்தன் போன்றோருக்கு வழங்கி அருள்க. அடியேனைக் கோபுரத்திலேயே நிலைநிறுத்தித் தங்கள் முத்திரையோடு ஆணை அனுப்புக. வாத்துகளுக்குத் தக்க காவலரைத் தேட நானும் உதவுகிறேன்.

மழை தவறாதிருக்க, மன்னர் கோல் வளையாதிருக்க, தங்கள் மீசை நரையாதிருக்க. வடவாயில் இலச்சினை இட்டு விடுத்தேன்.

இவ்வோலை, கண்காப்பில் பெயர் பதிந்த மறுநாள், வைத்தியர் மாதேவர் இல்லத்தில் இரு கண்ணிலும் மருந்துக் கட்டோடு நான் படுத்தபடி சொல்ல, பூதி எழுதியது.